சின்னக் குழந்தைகளை வெச்சுக்கிட்டு சொந்தமா வீட்டு டீப் கிளீனிங் தொடங்கறது எப்படி?

முல்லைக்கொடி:
அக்காமாருக்கும் தோழிகளுக்கும் வணக்கம். சென்னை மேடவாக்கம் பக்கம் இருக்கோம். மூத்தவனுக்கு 4 வயசு, அங்கன்வாடிக்குப் போறான். சின்னவளுக்கு ஒன்றரை. காலையில மாமியார் பார்த்துக்குவாங்க, மதியம் 1 மணிக்கு மேல அவங்களால முடியாது. மாசச் சம்பளத்துக்கு வீட்டு வேலைக்குப் போற எண்ணம் இல்லை. அதுல விடிஞ்சதும் போய் நிக்கணும், குழந்தைக்குக் காய்ச்சல்னாலும் லீவு கேட்டு நிக்கணும். நானே தனியா பாத்ரூம், கிச்சன், வீடு காலி பண்ணும்போது கழுவறது மாதிரி வேலைகளை எடுத்துச் செய்யலாம்னு யோசிக்கிறேன். கையில 5,000 ரூபாய் இருக்கு.

என்னென்ன வாங்கணும், எவ்வளவு கேட்கணும், எந்த வேலையை ஒத்துக்கவே கூடாது, எங்கேயாவது பதிவு செய்யணுமா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

தாம்பரம்_தோழி:
முல்லைக்கொடி, "வீடு கிளீனிங்"னு பொதுவா சொல்லிக்கிட்டு இறங்காதீங்க. அப்படிச் சொன்னா பாத்திரம் தேய்க்கிறதுல இருந்து துணி மடிக்கிறது வரைக்கும் உங்க தலையில வந்து விழும். கூலியையும் அவங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோட மாசச் சம்பளத்தை 30-ஆல வகுத்துத்தான் பேசுவாங்க. உங்க வேலை வேற. மாசத்துக்கு ஒரு தடவை வந்து, தினப்படி வேலையில விட்டுப்போன உப்புக் கறையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கிறீங்க. இதை முதல் போன் பேச்சிலேயே சொல்லிடுங்க.

உங்களுக்குக் கிடைக்கிறது 9.30-க்கும் 1 மணிக்கும் நடுவுல உள்ள நேரம். போக வர அரை மணி, முக்கால் மணி கழிச்சா வேலை நேரம் முக்கால் பங்குதான். அதனால ஒவ்வொரு வேலையையும் இரண்டே முக்கால் மணிக்குள்ள முடியற பேக்கேஜா பிரிச்சுக்கோங்க. ஒருத்தர் தனியா செய்யும்போது ஆகற நேரம் கிட்டத்தட்ட இப்படி வரும்: உப்புக் கறை ஏறின பாத்ரூம் முதல் தடவைக்கு ஒண்ணேகால்ல இருந்து ஒன்றரை மணி, அதையே மாசா மாசம் செஞ்சா 40 நிமிஷம். கிச்சன்ல மேடை, சுவர் டைல்ஸ், சிங்க், அடுப்பு, எக்ஸாஸ்ட் ஃபேன், ஷெல்ஃப் கதவு வெளிப்பக்கம் எல்லாம் சேர்த்து இரண்டரை மணி. ஷெல்ஃபுக்குள்ள இருக்கிற சாமானை எடுத்து வெச்சுத் துடைக்கணும்னா இன்னும் ஒன்றரை மணி கூடும். அதைத் தனி வேலையா வெச்சு தனி ரேட் சொல்லுங்க. காலியா இருக்கிற 2 பெட்ரூம் வீடு ஒருத்தருக்கு 8-ல இருந்து 10 மணி நேர வேலை. உங்க நேரக்கணக்குல அது மூணு, நாலு காலை. "ஒரே நாள்ல முடிச்சுக் கொடுங்க"ன்னு கேட்டா ஒத்துக்காதீங்க. இல்லேன்னா இன்னொரு பொண்ணைக் கூட்டுச் சேர்த்துக்கோங்க.

ரேட்டை மணிக்கணக்குல சொல்லாதீங்க. மணிக்கணக்குன்னா ஒரு வீட்ல பக்கத்துலயே நின்னு விரட்டுவாங்க, இன்னொரு வீட்ல இழுத்துட்டாங்கன்னு பேச்சு வரும். வேலைக்கு இவ்வளவுன்னு பேசுங்க. அந்த "இவ்வளவு" எப்படி வரணும்னா, மாசம் உங்க கைக்கு 15,000 நிக்கணும்னு வைங்க. 22 வேலை நாள். அதுல குழந்தைக்கு உடம்பு சரியில்லாதது, வீட்டுக்காரங்க தள்ளிப்போட்டது, வீட்டு விசேஷம்னு 4 நாள் போயிடும்னு எடுத்துக்கோங்க. 18 வேலை மிஞ்சும். 15,000-ஐ 18-ஆல வகுத்தா 833. ஒரு வேலைக்கு கிளீனிங் மருந்துச் செலவு 50, போக்குவரத்து 40, துணி, பிரஷ் தேய்மானம் 30 போட்டா 120. ரெண்டும் சேர்த்து 953. அப்ப 950-க்குக் கீழ பேசினா உங்க கணக்கு இடிக்கும். இந்த எண்கள் உதாரணம்தான், உங்க எண்ணைப் போட்டு வகுத்துப் பாருங்க. பலரும் 22-ஆல வகுத்துடறாங்க, செலவையும் சேர்க்கறதில்லை. மாசக் கடைசியில கை காலியாகறதுக்கு முக்காவாசி காரணம் அதுதான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பொம்பளைங்க நமக்குக் காசில்லாமப் போகலாம், ஆனா வாளி, மாப் எல்லாம் தூக்கிக்கிட்டு கூட்டத்துல ஏற முடியாத நாள்ல ஷேர் ஆட்டோதான். அதனால 40 ரூபாயை எடுத்துடாதீங்க.

முதல் தடவை ரேட்டையும் மாசாமாச ரேட்டையும் தனித்தனியா சொல்லுங்க. முதல் தடவை ஒன்றரை மடங்கு. வருஷக்கணக்கா ஏறின கறையை அன்னைக்குத்தான் எடுக்கறீங்க. "அடுத்த மாசமும் கூப்பிட்டா இவ்வளவு குறையும்"னு சேர்த்துச் சொன்னா அவங்களுக்கும் திரும்பக் கூப்பிட ஒரு காரணம் இருக்கும். இப்படி 16, 18 வீடு மாசம் ஒரு தடவைன்னு சுத்துக்கு வந்துட்டா புது ஆள் தேடற வேலை குறைஞ்சிடும். எல்லா வீடும் ஒண்ணு ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்கற மாதிரி பார்த்துக்கோங்க. வேளச்சேரியில ஒரு வீடு, பெரும்பாக்கத்துல ஒரு வீடுன்னா ரோட்லயே நேரம் போயிடும்.

வாரத்துல ஒரு காலையை வேலையே வாங்காம விடுங்க. சின்னவளுக்கு முடியாம போனா அந்த வீட்டை அந்த நாளுக்கு மாத்தலாம். காலியா விட்ட நாள் இருந்தாத்தான் "வியாழக்கிழமை வந்துடறேங்க"ன்னு உறுதியாச் சொல்ல முடியும். காலை 7 மணிக்குள்ள போன் போட்டுச் சொல்லிட்டு, மாத்து நாளையும் அப்பவே கொடுத்துட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. சொல்லாம வராம இருந்தாத்தான் ஆள் போயிடும்.

ஈரத்துணி:
சாமான் பத்தி. 5,000-ல 3,000-க்குள்ள முடிச்சுக்கோங்க, மீதி ஒரு மாசத்துக்கு மருந்துக்கும் வண்டிக்கும் வேணும். வேக்குவம் கிளீனர், பிரஷர் வாஷர் எதுவும் இப்ப வேண்டாம்.

பிளாஸ்டிக் வாளி 2, ஒண்ணு பாத்ரூமுக்குன்னு தனியா. மைக்ரோஃபைபர் துணி 12, மூணு கலர்ல: டாய்லெட்டுக்கு ஒரு கலர், பாத்ரூம் சுவர், வாஷ்பேசினுக்கு ஒரு கலர், கிச்சனுக்கு ஒரு கலர். வீட்டுக்காரம்மா கண் முன்னாடி கலர் மாத்தி எடுக்கறதைப் பார்த்தாலே நம்பிக்கை வந்துடும். அந்தத் துணியைத் துவைக்கும்போது துணி மென்மையாகறதுக்குப் போடற லிக்விட் போடவே கூடாது. நூல் மேல வழவழப்பா படிஞ்சு, துணி அழுக்கையும் தண்ணியையும் உறிஞ்சாது, கண்ணாடியில கோடு கோடா விடும். பச்சை ஸ்க்ரப் பேட் டைல்ஸுக்கு மட்டும். குழாய், ஷவர் மேல பச்சையை வெச்சா குரோமியம் பூச்சு கீறிடும், அதுக்கு வெள்ளை பேட். டைல்ஸ் இடுக்குக்கு ஒடுங்கின பிரஷ், பழைய டூத் பிரஷ் 3, கண்ணாடிக்கும் சுவருக்கும் சின்ன ரப்பர் வைப்பர், தரைக்குப் பெரிய வைப்பர், ஒட்டடைக் கம்பு, பெயின்ட் கடையில கிடைக்கிற பிளாஸ்டிக் சுரண்டி, 500 மில்லி ஸ்ப்ரே பாட்டில் 3, முழங்கை வரைக்கும் வர்ற ரப்பர் கிளவுஸ் 2 ஜோடி, கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி, முழங்காலுக்குப் பேட். கண்ணாடியை வாங்காம விடாதீங்க. தலைக்கு மேல ஷவருக்கு ஸ்ப்ரே பண்ணும்போது சொட்டு நேரா கண்ணுலதான் விழும். ஏணி, ஸ்டூலை வீட்டுக்காரங்ககிட்டயே கேட்டு வாங்குங்க. ஏறறதுக்கு முன்னாடி ஆட்டிப் பாருங்க. பிளாஸ்டிக் நாற்காலி மேல ஏறாதீங்க.

மருந்து நாலே நாலு போதும்: பாத்திரம் கழுவற லிக்விட், சிட்ரிக் ஆசிட் பவுடர், சலவை சோடா, குளோரின் பிளீச். சிட்ரிக் ஆசிட் கடையில எலுமிச்சை உப்புன்னு கேட்டாலும் கிடைக்கும். ஃபினாயில் கிருமிக்கும் வாசனைக்கும்தான், கறையை எடுக்காது. வீட்டுக்காரங்க கேட்டா கடைசியா தரையில ஒரு தடவை போட்டு விடுங்க.

உங்க ஏரியாவுல பாதி வேலை உப்புக் கறைதான். போர் தண்ணியில இருக்கற சுண்ணாம்புச் சத்து காய்ஞ்சு காய்ஞ்சு படிஞ்சதுதான் அந்த வெள்ளை. சோப்புக்கும் பிளீச்சுக்கும் அது அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். 1 லிட்டர் தண்ணியில 50 கிராம் சிட்ரிக் ஆசிட். முதல்ல சோப்புத் தண்ணி போட்டுத் தேய்ச்சு எண்ணெய், சோப்புப் படலத்தை எடுங்க. அது மேல இருந்தா புளிப்பு உள்ளே இறங்காது. அதுக்கப்புறம் ஸ்ப்ரே பண்ணி 15, 20 நிமிஷம். அந்த நேரம் முழுக்க ஈரமா இருக்கணும். காய்ஞ்சா வேலை நின்னுடும். சுவர்ல நிக்காம வழிஞ்சா டிஷ்யூவை நனைச்சு ஒட்டி விடுங்க, இல்ல ரெண்டு சொட்டு பாத்திர லிக்விட் கலந்து அடிங்க. ஷவர் தலைக்கு பிளாஸ்டிக் கவர்ல கரைசலை ஊத்தி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி அரை மணி விடுங்க, அதுக்கு மேல வேண்டாம். கனமான கறைன்னா ஒரே தடவையில எடுக்கணும்னு இரும்பு நார் வெச்சுத் தேய்க்காதீங்க. கழுவிட்டு ரெண்டாம் தடவை அடிங்க. டைல்ஸோட மினுமினுப்பு ஒரு தடவை போனா திரும்பாது, அடுத்த கறையும் அங்கேதான் சீக்கிரம் பிடிக்கும். ஷவர் அறைக் கண்ணாடியில பல வருஷக் கறை கண்ணாடியையே அரிச்சிருக்கும், அது போகாது. ஒரு ஓரமா கையளவு இடத்துல அடிச்சுப் பார்த்துட்டு, போகுமா போகாதான்னு வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே காட்டிடுங்க.

இதுக்குப் பதிலா ஆசிட் ஊத்தினா அஞ்சு நிமிஷத்துல வேலை முடியும்னு பலர் சொல்வாங்க. லூசா விக்கற ஆசிட் வேண்டவே வேண்டாம். 2013-ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்ததுல இருந்து அடையாள அட்டை பார்த்து, பதிவேட்டுல எழுதாம அதை விக்கவே கூடாது. அது டைல்ஸ் இடுக்கு சிமெண்டைத் தின்னுடும், அப்புறம் அந்த வழியா கீழ் வீட்டுக்குத் தண்ணி இறங்கும், பழி உங்க மேல வரும். ஆவி பட்டே குழாய் எல்லாம் கறுத்துடும்.

கல்லைப் பார்த்துப் புளிப்பைத் தொடுங்க. மார்பிள், கடப்பா, மொசைக், பழைய வீட்டு ரெட் ஆக்சைடு தரை, இதுங்க மேல சிட்ரிக், வினிகர், எலுமிச்சை, டாய்லெட் கிளீனர் எதுவும் கூடாது. உப்புக் கறையும் சுண்ணாம்பு, மார்பிளும் கடப்பாவும் சுண்ணாம்புக்கல். கறையைக் கரைக்கறது கல்லையும் கரைச்சு வெள்ளைத் திட்டு விடும். அதுக்கு மறுபடியும் பாலிஷ் போடணும், உங்க மூணு மாச வருமானம் போயிடும். விட்ரிஃபைடு டைல்ஸ், செராமிக், கிரானைட் தாங்கும். எதுன்னு சந்தேகமா இருந்தா கதவுக்குப் பின்னாடி மூலையில ஒரு சொட்டு வைங்க, நுரைச்சா சுண்ணாம்புக்கல். உடனே தண்ணி ஊத்தித் துடைச்சிடுங்க.

கிச்சன் பிசுக்குக்கு 1 லிட்டர் வெந்நீர்ல 2 டேபிள்ஸ்பூன் சலவை சோடா, கொஞ்சம் பாத்திர லிக்விட். 10 நிமிஷம் ஊற விட்டா தானா வழியும். ஆனா அலுமினியத்துல சலவை சோடா பட்டா கறுத்துடும். எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கை, சிம்னியோட வலை ஃபில்டர் பெரும்பாலும் அலுமினியம். அதுக்கு வெந்நீரும் பாத்திர லிக்விடும் மட்டும், நேரம் கொஞ்சம் கூட ஆகும். ஸ்டீல் பட்டை ஃபில்டர்னா சோடா போடலாம். காந்தம் ஒட்டிச்சுன்னா அது அலுமினியம் இல்லை. ஃபேன்ல கை வைக்கறதுக்கு முன்னாடி சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்குங்க, இல்ல மின் பெட்டியில அந்த லைனுக்கான பிரேக்கர் சுவிட்சை (எம்.சி.பி.) இறக்குங்க. உள்ளே இருந்து யாராவது தெரியாம சுவிட்சைப் போட்டுடுவாங்க.

பிளீச் கறுப்புப் பூஞ்சைக்கு. கடைப் பாட்டில்ல 4, 5 சதவீதம் இருந்தா 1 பங்குக்கு 10 பங்கு குளிர்ந்த தண்ணி. வெந்நீர் ஊத்தினா வீரியம் போயிடும். அன்னன்னைக்குக் கலக்குங்க, நேத்து கலந்தது வேலை செய்யாது. 10 நிமிஷம் விட்டுக் கழுவுங்க.

இதை மட்டும் மனப்பாடமா வெச்சுக்கோங்க: பிளீச்சும் புளிப்பும் சேரக் கூடாது. டாய்லெட் கிளீனர்ல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கு. அது பிளீச்சோடயோ பிளீச்சிங் பவுடரோடயோ சேர்ந்தா குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல மூச்சை அடைச்சிடும். நீங்க ரெண்டையும் கலக்காம இருக்கலாம், ஆனா வீட்டுக்காரங்க "நீங்க வர்றதுக்கு முன்னாடியே கொஞ்சம் ஊற வெச்சிருக்கேன்"னு ஊத்தி வெச்சிருப்பாங்க. அதனால உள்ளே போனதும் "ஏற்கெனவே ஏதாவது ஊத்தினீங்களா?"ன்னு கேட்டுட்டு, ஃப்ளஷ் பண்ணி, சுவர், தரை முழுக்கத் தண்ணி விட்டுட்டுத்தான் தொடங்கணும். ஒரே நாள்ல ரெண்டும் வேணும்னா ஒரு பாத்ரூமுக்குப் புளிப்பு முடிச்சு, நல்லாக் கழுவி, அடுத்த அறை வேலையை முடிச்சுட்டு வந்து பிளீச் போடுங்க. அம்மோனியா இருக்கற கண்ணாடி கிளீனரோடயும் பிளீச் ஆகாது. நெடி ஏறினா அங்கேயே நின்னு கழுவி விடப் பார்க்காதீங்க. வெளியே வந்துடுங்க, கதவு ஜன்னலைத் திறந்து விடுங்க.

நீலவானம்:
குழந்தைங்க இருக்கற வீடுங்கறதால இதைச் சேர்த்துக்கறேன். மருந்தைக் கூல் ட்ரிங்க்ஸ் பாட்டில்லயோ தண்ணி பாட்டில்லயோ ஊத்தி வைக்காதீங்க, ஒரு நாள் அவசரத்துக்குக்கூட. ஒன்றரை வயசுக்குப் பாட்டில்னா வாய்தான். ஸ்ப்ரே பாட்டில்ல பெயரை மார்க்கர்ல எழுதி மேல செலோடேப் ஒட்டுங்க, இல்லேன்னா ஈரத்துல அழிஞ்சிடும். சாமான் பையை வீட்டுக்குள்ள கீழ வைக்காம, பூட்டற அலமாரியோ ஆணியில உயரமாவோ மாட்டுங்க. வேலைக்குப் போட்ட துணியை மாத்திட்டுக் கை கழுவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கணும். சின்னது ஓடி வந்து காலைக் கட்டும், அதனால மாமியார்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, நீங்க குளியலறையில இருந்து வெளிய வர்ற வரைக்கும் பிடிச்சுக்கட்டும். அந்தத் துணிகளைக் குழந்தைத் துணியோட ஊற வைக்காதீங்க.

குழந்தை எதையாவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உள்ளே போனபோது புண்ணாக்கினது திரும்பி வரும்போதும் புண்ணாக்கும். வாயைத் தண்ணியால துடைச்சுட்டு, 108-க்குப் போன் போட்டு, பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். கண்ணுல பட்டா குழாய்த் தண்ணியில 15 நிமிஷம் தொடர்ந்து கழுவிட்டுப் போகணும்.

குழந்தையை வேலை செய்யற வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறது வேண்டாம். "பரவாயில்லைம்மா, கூட்டிட்டு வா"ன்னு நல்ல மனசோட சொல்வாங்க. ஈரத் தரை, மருந்து, திறந்த பால்கனி, தெரியாத வீடு. கவனம் ரெண்டு பக்கம் இருக்கும்போதுதான் கண்ணாடியும் உடையும், குழந்தையும் விழும். சின்னவளுக்கு 2 வயசு முடிஞ்சா அவளையும் அங்கன்வாடியில சேர்க்கலாம், மதியச் சாப்பாடு அங்கேயே. அதுவரைக்கும் மாமியாருக்கு முடியாத நாளுக்குன்னு பக்கத்து வீட்டு ஆள் ஒருத்தரை இப்பவே பேசி வைங்க. சும்மா பார்த்துக்கச் சொல்லாதீங்க, ஒரு காலைக்கு இவ்வளவுன்னு கொடுங்க. அந்தப் பணத்தை மேலே தோழி போட்ட கணக்குல செலவுப் பக்கம் சேர்த்துடுங்க.

பாதுகாப்பு விஷயம். புது வீடுன்னா முதல் நாள் வீடியோ கால்ல வீட்டைக் காட்டச் சொல்லுங்க. வேலையும் தெரியும், யார் பேசறாங்கன்னும் தெரியும். வீட்ல ஒரு பொம்பளை ஆள் இருக்கற நேரமாக் கேட்டுப் போங்க. வாட்ஸ்ஆப்ல லைவ் லொகேஷனை வீட்டுக்கு அனுப்பி வைங்க. காலி வீட்டைப் புரோக்கர் திறந்து விட்டா தனியா போகாதீங்க, ஒரு துணை வேணும்.

முல்லைக்கொடி:
ரொம்ப நன்றி. படிக்கப் படிக்கத் தெளிவாகுது. இன்னும் கொஞ்சம் கேட்டுக்கறேன். எதை முடியாதுன்னு சொல்லணும்? ஏதாவது உடைஞ்சா யார் பொறுப்பு? முதல் பத்து வீடு எப்படிப் பிடிக்கறது? மே மாசம் ரெண்டு பேரும் வீட்ல இருப்பாங்களே, அப்ப என்ன செய்யறது?

தாம்பரம்_தோழி:
முடியாதுன்னு சொல்ல வேண்டியது: சன்ஷேடு மேல ஏறி வெளி ஜன்னல் துடைக்கிறது, தண்ணித் தொட்டிக்குள்ளயும் சம்ப்புக்குள்ளயும் இறங்கறது, செப்டிக் டேங்க் பக்கம் எதுவும், ஏசி, கீசரைக் கழட்டறது. மூடிக் கிடந்த சம்ப்புக்குள்ள காத்து இருக்காது, உள்ளே இறங்கின உடனே மயக்கம் வரும். செப்டிக் டேங்க்குக்குள்ள பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்கறது 2013 சட்டப்படியே குற்றம். "சும்மா எட்டிப் பார்த்து ஒரு குச்சியால…"ன்னு ஆரம்பிச்சாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க.

உடையற விஷயம். வேலை தொடங்கறதுக்கு முன்னாடி அவங்களைக் கேட்டுட்டு எல்லா ரூமையும் போன்ல படம் எடுங்க. விரிசல் விட்ட டைல்ஸ், ஆடற குழாய், பிடி உடைஞ்ச ஜன்னல், கறுத்த வாஷ்பேசின் எல்லாம் கிட்டப்போய் எடுத்து, அங்கேயே வாட்ஸ்ஆப்ல அவங்களுக்கு அனுப்புங்க. பழைய குழாயில உப்பு ஏறி இறுகியிருக்கும், திருகினா கையோட வரும். ஆடற குழாயை நீங்க திருகாம அவங்களையே திருகச் சொல்லுங்க. பூஜை அறை விளக்கு, ஷோகேஸ் பொம்மை, பீரோ மேல இருக்கற சாமான் எல்லாத்தையும் அவங்களே எடுத்து வைக்கணும், நகை, பணத்தைப் பீரோவுல வெச்சுப் பூட்டணும்னு முதல் நாளே மெசேஜ்ல எழுதிடுங்க. சந்தேகப்படறாங்கன்னு யாரும் நினைக்க மாட்டாங்க. இது ரெண்டு பக்கமும் நிம்மதி. உங்க கைதவறி ஏதாவது உடைஞ்சா மறைக்காம அப்பவே சொல்லுங்க, அன்னைக்குக் கூலியில எவ்வளவு கழிக்கலாம்னு பேசி முடிச்சிடுங்க.

என்னென்ன செய்வீங்க, என்ன செய்ய மாட்டீங்க, ரேட், எத்தனை மணிக்கு வருவீங்க, நாலே வரி. அதை ஒரு மெசேஜா எழுதி வெச்சுக்கிட்டு கேட்கறவங்களுக்கெல்லாம் அப்படியே அனுப்புங்க. வேலை நடுவுல "இந்த பால்கனியையும் கொஞ்சம்…"னு வந்தா, "செய்யறேங்க, அது தனி, 150 ஆகும்"னு அப்பவே சொல்லணும். முடிச்சுட்டுக் கேட்டா சண்டை வரும். கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்களை ஒவ்வொரு அறையா கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. விட்டுப்போனதை அங்கேயே செஞ்சிடலாம், மறு நாள் போனே வராது. பணத்தையும் அப்பவே வாங்கிடுங்க. காலி வீடுன்னா முன்பணம் மூணுல ஒரு பங்கு ஜிபேல வந்த பிறகுதான் நாளை உறுதி செய்யணும்.

ஆள் பிடிக்க நோட்டீஸ் அடிக்க வேண்டாம். ரெண்டு அபார்ட்மென்ட் போதும். உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல ஒரு பாத்ரூமை வீட்டுக்காரங்க சம்மதத்தோட முன்னாடி, பின்னாடி படம் எடுத்து, அவங்களையே அந்த அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்ல போடச் சொல்லுங்க. படத்துல வீட்டு நம்பரோ ஆள் முகமோ வரக் கூடாது. நீங்களே குரூப்ல போட்டா விளம்பரம், குடியிருக்கறவங்க போட்டா அது சாட்சி. கேட்ல உள்ளே விட அசோசியேஷன்ல ஆதார் நகல், போட்டோ கேட்பாங்க, தயாரா வைங்க. இதைத் தவிர வீட்டுப் புரோக்கர், பெயின்டர் ரெண்டு பேரும் முக்கியம். பெயின்ட் அடிச்சு முடிச்ச வீட்ல தரையெல்லாம் சொட்டுச் சொட்டா இருக்கும், அதைக் கழுவ ஆள் கிடைக்காம பெயின்டரே தவிப்பார்.

காலம் பார்த்து வேலை வரும். ஆடியிலயும் மார்கழியிலயும் யாரும் புது வீட்டுக்குக் குடி போக மாட்டாங்க, காலி வீட்டு வேலை படுத்துடும். ஆனா மார்கழிக் கடைசியில போகிக்கு முன்னாடி ரெண்டு வாரம், ஆயுத பூஜை, தீபாவளிக்கு முன்னாடி மூணு வாரம் ஒரே நாள்ல நாலு பேர் கூப்பிடுவாங்க. அப்ப புது ஆளுக்காக மாசாமாசம் வர்ற வீட்டைத் தள்ளிப் போடாதீங்க. ஆவணி, தை குடி போற மாசம்.

மே மாசத்துக்கு வழி மார்ச்லயே பார்க்கணும். பள்ளி லீவு விட்டதும் வீடு மாத்தறவங்க நிறைய, அதே நேரம் உங்க பசங்களும் வீட்ல. ஒண்ணு, மாசாந்திர வீடுகளை "மே மாசம் ஞாயிறு, சனி மட்டும் வருவேன்"னு முன்கூட்டியே சொல்லி, உங்க வீட்டுக்காரர் இருக்கற நேரத்துக்கு மாத்துங்க. இல்லேன்னா இதே வேலையில இறங்க நினைக்கிற இன்னொரு அம்மாவைச் சேர்த்துக்கிட்டு, ஒரு நாள் நீங்க வேலைக்கு, அவங்க உங்க பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்துக்கறது, மறு நாள் மாத்தி. ரெண்டு பேருக்கும் பாதி வருமானம் நிக்கும், ஆளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதுவும் ஒத்து வராதுன்னா ஏப்ரல் வரைக்கும் வர்ற பணத்துல வேலைக்கு 50 ரூபாய் தனியா எடுத்து வைங்க. மே மாசத்தைப் பாதி வேலையோட ஓட்ட அது உதவும்.

கணக்குப்பிள்ளை:
பதிவு குறித்து. மூன்று இடங்கள், மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. இடையில் யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

முதலாவது இ-ஷ்ரம், அமைப்புசாராத் தொழிலாளருக்கான மத்திய அரசின் பதிவு இணையதளம். 16 முதல் 59 வயது வரை உள்ள அமைப்புசாராத் தொழிலாளர், பி.எஃப்., இ.எஸ்.ஐ.யில் இல்லாதவர் பதியலாம். ஆதார், ஆதாரோடு இணைந்த செல்போன், வங்கிக் கணக்கு போதும். 12 இலக்க எண் வரும். இரண்டாவது, தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம், 2007-ல் அமைக்கப்பட்டது. 18 முதல் 60 வயது வரை. மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் நலத்துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்திலோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் கல்வி, விபத்து, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. பதிவைக் குறிப்பிட்ட காலத்தில் புதுப்பிக்காவிட்டால் உதவி கேட்கும் நேரத்தில் சிக்கலாகும். அதனால் அட்டை வந்ததும் புதுப்பிக்கும் தேதியைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது உத்யம், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. இது இப்போதே கட்டாயமில்லை. பின்னால் வங்கிக் கடன் வாங்கவோ, அசோசியேஷனுக்குப் பில் கொடுக்கவோ வேண்டிவந்தால் பதியுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை.

ஏணியில் ஏறுகிற, ஈரத் தரையில் நடக்கிற வேலை. வங்கிக் கணக்கின் மூலம் பிரதமர் சுரக்‌ஷா பீமா யோஜனாவில் சேருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்தில் இறப்புக்கோ முழு ஊனத்துக்கோ 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஓராண்டு. மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போனால் காப்பீடு நின்றுவிடும். கை சுளுக்கினாலோ எலும்பு முறிந்தாலோ இதில் பணம் வராது, அதற்கு உங்கள் சேமிப்புதான்.

இந்த வேலைக்கென்று வேறொரு சேமிப்புக் கணக்கும் அதற்கு ஒரு யு.பி.ஐ. எண்ணும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவும் தொழில் வரவும் ஒரே கணக்கில் ஓடினால் மாதக் கடைசியில் எவ்வளவு சம்பாதித்தோம் என்றே தெரியாது. ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, வீடு, பேசிய தொகை, வந்த தொகை, ஆன நேரம். ஐந்தாவது கட்டத்தைத் தவறாமல் எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து வரவை நேரத்தால் வகுத்துப் பார்த்தால் எந்த வீட்டுக்கு விலை ஏற்ற வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஈரத்துணி:
பெயின்ட் சொட்டு பத்தித் தோழி சொன்னதால இதையும் எழுதிடறேன், காலி வீட்டு வேலையில நேரத்தைத் தின்கிறது இதுதான். டைல்ஸ் தரையில சொட்டு மேல ஈரத்துணியைப் போட்டு 10 நிமிஷம் விட்டுட்டு, சுரண்டியைத் தரையோட சாய்ச்சுப் பிடிச்சுத் தள்ளுங்க. நேரா நிறுத்தினா கீறும். எமல்ஷன் (சுவருக்கு அடிக்கிற தண்ணி பெயின்ட்) இதுலயே வந்துடும். எனாமல்னா (கதவு, கம்பிக்கு அடிக்கிற ஆயில் பெயின்ட்) வராது, அதுக்குத் தின்னர் துணியில நனைச்சுத் தொட்டு எடுக்கணும். ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. புது டைல்ஸ் மேல இருக்கற சிமெண்ட் படலத்துக்குச் சிட்ரிக் போதும், ஆனா முதல்ல தரை முழுக்கத் தண்ணி ஊத்தி இடுக்கை நனைச்சிடுங்க. நனைஞ்ச சிமெண்ட் புளிப்பை உள்ளே இழுக்காது, மேல இருக்கறது மட்டும் கரையும். ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி கால் மணி விட்டுத் துடைங்க.

ஒழுங்கு எப்பவும் மேலே இருந்து கீழே, காய்ஞ்ச வேலை முதல்ல, ஈர வேலை அப்புறம். ஒட்டடை, ஃபேன், அலமாரி மேல்பக்கம், ஜன்னல் கம்பி, கதவு, சுவிட்ச் போர்டு, கடைசியா தரை. சுவிட்ச் போர்டுல நேரா ஸ்ப்ரே பண்ணாம துணியில அடிச்சுத் துடைங்க. காலி வீட்ல பாத்ரூமைக் கடைசிக்கு வைங்க, மாப், வாளி எல்லாம் அங்கேதான் கழுவப் போறீங்க.

கைக்கு: ரப்பர் கிளவுஸ் உள்ள மெல்லிய பருத்திக் கிளவுஸ் போட்டுக்கோங்க, வியர்வையில தோல் ஊறாது. தேங்காய் எண்ணெயை வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகுதான் தடவணும், எண்ணெய்க் கையோட போட்டா ரப்பர் சீக்கிரம் பிசுபிசுத்துக் கிழியும். கிளவுஸுக்குள்ள தண்ணி போயிடுச்சுன்னா அப்பவே கழட்டிக் கை கழுவிட்டு மாத்து ஜோடியைப் போடுங்க. பிளீச் தண்ணியோட மூணு மணி நேரம் கை உள்ளே கிடந்தா தோல் உரிஞ்சு அடுத்த வாரம் முழுக்க வேலைக்குப் போக முடியாது. ரெண்டு ஜோடி வாங்கச் சொன்னது அதுக்குத்தான்.